பள்ளிப் பிரவேசம்

தமிழ்நாட்டில் அறுபது வயதை எட்டி ஓய்வு பெறுகிறவர்களின் பிறந்த தேதிகளை அவரவர் சான்றிதழ்களிலிருந்து எடுத்து வரிசையாக எழுதிப் பார்த்தால், ஆண்டின் பன்னிரண்டு மாதங்களிலும் பரவி இருக்கவேண்டிய பிறப்புகள் மே மாதத்திலும் ஜூன் மாதத்திலும் வந்து குவிந்திருக்கும் விசித்திரத்தைக் காணலாம். கோடைக்கும் மகப்பேற்றுக்கும் ஏதோ ரகசிய சம்பந்தம் இருப்பதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். பள்ளிக்கூடம் திறந்த அன்று, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்ற தகப்பனாரிடம் விசாரித்துவிட்டு, தலைமையாசிரியர் தம் பேனாவினால் அருளிய பிறந்த நாட்கள் அவை.

“ஏம்ப்பா, பையன் எப்பப் பொறந்தான்?”

“தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோச்சுங்களே ஐயா, அதுக்கு அடுத்த மாசி.”

தனுஷ்கோடிப் புயல் வீசியது 1964 டிசம்பரில். அடுத்த மாசி என்றால் 1965இன் பிப்ரவரி அல்லது மார்ச். தேதி தெரியாது, கிழமை வேண்டுமானால் பாட்டிக்குத் தெரிந்திருக்கலாம். எதிரே பதிவேடு விரிந்து கிடக்கிறது. அதில் ஒரு கட்டம் தேதியை எதிர்பார்த்துக் காலியாக இருக்கிறது. வாசலில் இன்னும் பத்துப் பிள்ளைகள் நிற்கிறார்கள். பள்ளி திறக்கும் நாளில் ஐந்து வயது பூர்த்தியாகி இருக்கவேண்டும் என்பதே விதியாகையால், அந்த விதிக்கு ஒத்துப்போகும்படி 1965 ஜூன் முதல் தேதி என்று எழுதிவிட்டு, அவர் அடுத்த பிள்ளையைப் பார்ப்பார். பையனுக்கு அந்தக் கணத்திலேயே மூன்று மாதம் இளமை கூடிவிட்டது. பிற்காலத்தில் அவன் அரசாங்க உத்தியோகத்துக்குப் போயிருந்தால் ஓய்வும் மூன்று மாதம் தள்ளிப் போயிருக்கும். பிறப்பையும் இறப்பையும் கட்டாயமாகப் பதிய வேண்டும் என்று நாடு முழுவதற்குமான சட்டம் 1969இல்தான் வந்தது. அது கிராமத்து வீடுகளில் வழக்கமாகப் படிவதற்கு மேலும் பல காலம் பிடித்தது. அதுவரையில் ஒரு தலைமுறையின் ஜாதகத்தைக் கணித்தவர்கள் ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியர்களே.

மாசியையும் புயலையும்கூடச் சொல்லத் தெரியாத பெற்றோர் வந்தால், பிள்ளையின் உடம்பையே சாட்சியாகக் கேட்கும் வழக்கம் ஒன்று இருந்தது. வலக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக் காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் வயது ஐந்து; தொட முடியாவிட்டால் ‘அடுத்த வருஷம் பார்ப்போம்’. இதை வெறும் வேடிக்கை என்று தள்ளிவிட முடியாது. சிறு குழந்தைக்குத் தலை பெரிதாகவும் கைகால்கள் குட்டையாகவும் இருக்கின்றன. ஐந்து, ஆறு வயதை ஒட்டிக் கைகள் நீளத் தொடங்கும்போதுதான் விரல் நுனி மறுபக்கத்துக் காதை எட்டுகிறது. ஆகவே, காகிதம் இல்லாத ஊரில் அது ஏறக்குறைய ஒழுங்கான அளவுகோலாகவே இருந்தது. ஆனால் ஏறக்குறைய என்ற சொல்லுக்குள் சில பிள்ளைகள் அகப்பட்டுக்கொண்டார்கள். போதிய ஆகாரமின்றிச் சவலை பாய்ந்த பிள்ளைக்கு, வயது வந்திருந்தும் கை எட்டாது. அது திரும்பிப் போய் ஒரு வருஷம் ஆட்டுக்குட்டிகளின் பின்னால் அலைந்துவிட்டு, சில சமயம் அந்த ஆடுகளோடேயே தங்கிவிட்டது.

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் பள்ளிக்கூட வருஷம் பிறப்பது என்பதே நம்மிடம் பழமையான ஏற்பாடு அன்று. திண்ணைப் பள்ளிக்கூடம் நடந்த காலத்தில் வகுப்பு என்ற பிரிவும் இல்லை, ஆண்டு என்ற கணக்கும் இல்லை. மணலில் எழுதுகிறவன், ஓலைக்கு வந்துவிட்டவன், எண்சுவடி ஒப்பிக்கிறவன், சட்டாம்பிள்ளையாக உயர்ந்து மற்றவர்களை மேய்க்கிறவன் என்று அவரவர் நின்ற படியே அவரவர் வகுப்பாக இருந்தது. விஜயதசமியன்று சேர்ப்பது விசேஷம் என்றாலும், நல்ல நாள் பார்த்து எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம். பிள்ளை பள்ளியைத் தேடிப் போவதற்கு முன்னால், பள்ளி பிள்ளையின் வீட்டுக்கு வருவதும் உண்டு. சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்ததும் இன்று கர்நாடகத்தில் இருப்பதுமான பல்லாரி ஜில்லாவின் கலெக்டர் ஏ. டி. காம்ப்பெல் 1823ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் எழுதிய அறிக்கையில் அந்த வைபவத்தை விவரித்திருக்கிறார். பிள்ளைக்கு ஐந்து வயதானதும் உபாத்தியாயரையும் அவருடைய மாணாக்கர்களையும் பெற்றோர் வீட்டுக்கு அழைக்கிறார்கள். எல்லாரும் பிள்ளையார் விக்கிரகத்தைச் சுற்றி உட்காருகிறார்கள். புதிதாகச் சேரும் பிள்ளை விக்கிரகத்துக்கு நேர் எதிரே அமர்ந்து, உபாத்தியாயர் சொல்லச் சொல்லப் பிரார்த்தனையைத் திருப்பிச் சொல்கிறது. பிறகு அவர் அதன் விரலைப் பிடித்து அரிசியில் தெய்வத்தின் திருநாமத்தை எழுதச் செய்கிறார். அதற்குரிய சம்மானத்தைப் பெற்றுக்கொண்டு திரும்புகிறார். மறுநாள் முதல் பிள்ளை பள்ளிக்குப் போகவேண்டும்.

அதே அறிக்கை அந்த மறுநாளையும் மறைக்காமல் சொல்கிறது. காலையில் முதலில் வந்து சேரும் மாணாக்கனுடைய உள்ளங்கையில் மரியாதைக்கு அடையாளமாகச் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்களாம். இரண்டாவதாக வந்தவன் கையில் புகழுக்கும் இல்லை, இகழுக்கும் இல்லை என்று ஒரு சுழி. மூன்றாமவனுக்கு மெதுவாக ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அதற்கப்பால் ஆளுக்கொன்று கூடிக்கொண்டே போகும். கடைசியில் வருகிறவனின் கதியை வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். எண்சுவடியில் கூட்டல் இலக்கத்தை அவன் அதற்குப் பிறகு மறந்திருக்க மாட்டான்.

அந்தப் பள்ளியில் சேருவதென்றால் பிள்ளை வெறுங்கையோடு போக முடியாது. சேரும் அன்று உபாத்தியாயருக்குத் தட்சிணை. மாதந்தோறும் அவரவர் சக்திக்கேற்ப நெல்லோ பணமோ. அமாவாசை, பௌர்ணமி விடுமுறைக்கு வாவுக் காசு. நவராத்திரி வந்தால் மாணாக்கர்கள் வீடு வீடாகப் போய்ப் பாடிக் கோலாட்டமடித்து வாங்கி வரும் வருமானம். உபாத்தியாயரின் குடும்பம் பிழைத்தது இவற்றால்தான். ஆகையால் அவரைக் குறை சொல்ல நியாயமில்லை. கொண்டுபோக ஏதுமில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் திண்ணை உயரமாக இருந்தது என்பதும், சில சாதிகளில் பிறந்த பிள்ளைகள் கையில் என்ன இருந்தாலும் அந்தத் தெருவுக்குள்ளேயே வரமுடியாது என்பதும் அதே அளவுக்கு உண்மை. கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் உத்தரவிட்டு எடுப்பித்த கணக்கில் ராஜதானி முழுவதிலும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கர்களும் இருந்தார்கள். அவர்களில் பெண் பிள்ளைகள் 4,540 பேர்.

இந்தத் திண்ணைகளிலிருந்து சீமைக்குப் போன ஒரு சரக்கைப் பற்றி இங்கே சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. எழும்பூரில் இருந்த ஆண் பிள்ளைகள் அநாதாசிரமத்தை 1789 முதல் கவனித்துவந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து அதைத் தம் ஆசிரமத்தில் புகுத்தினார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் அங்கே விரிவாக அமைத்து, 1797இல் அதைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகள் பலவற்றில் அது ‘மதராஸ் முறை’ என்ற பெயருடன் பரவிற்று.

பிள்ளைக்கு ஏற்றபடி தொடங்கிய கல்வி, சர்க்காருடைய வருஷக் கணக்குக்கு ஏற்றபடி தொடங்கும் கல்வியாக மாறியதில் ஜூன் மாதம் நமக்கு வந்து வாய்த்தது. மே மாதத்து அக்கினி நட்சத்திரத்தில் பிள்ளைகளை வீட்டில் நிறுத்திவிட்டு, வெயில் தணிந்ததும் திறப்பது என்பது ஏற்பாடு. கேரளத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஜூன் பிறந்ததும் அங்கே தென்மேற்குப் பருவமழை இறங்குகிறது, பிள்ளைகள் குடையோடு பள்ளிக்குப் போகிறார்கள். நமக்கோ பெரும்பகுதி மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான். ஜூன் தொடக்கத்தில் வேலூரிலும் திருத்தணியிலும் சென்னையிலும் வெயில் கத்திரியைத் தாண்டியும் விடைபெறாமல் நிற்கிறது. அதனால் திறப்பு நாளைத் தள்ளிப்போடும் அறிவிப்பும் கிட்டத்தட்ட ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. 2023இல் இரண்டு தடவை தள்ளிப்போய்த் தொடக்க வகுப்புகள் ஜூன் 14இல் திறந்தன. 2024இல் ஜூன் 6 என்றிருந்தது 10 ஆயிற்று. நாட்காட்டியை வகுத்தவர்கள் நம் மழைக் காலத்தை அவ்வளவாகக் கலந்தாலோசிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

திண்ணைக்குப் பிள்ளை கொண்டுபோன காலம் போய், பிள்ளைக்குப் பள்ளி கொடுக்கும் காலம் வந்ததே, அந்த மாறுதல் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. 1920இல் ஆரம்பக் கல்விச் சட்டம் வந்தது. அதே காலத்தில், பிட்டி தியாகராயர் சென்னை நகரசபைத் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளி ஒன்றில் பிள்ளைகளுக்குப் பகல் உணவு வழங்கும் தீர்மானம் நிறைவேறிற்று. நடுவில் பின்னோக்கி இழுத்த ஒரு ஜூன் மாதமும் உண்டு: 1953இல் கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் நேரத்தைப் பாதியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளை தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்று ராஜாஜி மந்திரிசபை கொண்டுவந்த திட்டம், குலக்கல்வித் திட்டம் என்ற பெயரைச் சம்பாதித்துக்கொண்டு, பெரும் கிளர்ச்சிக்குக் காரணமாகி, மறுவருஷமே காமராஜர் ஆட்சியில் கைவிடப்பட்டது. 1956இல் பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் பகல் உணவுத் திட்டம் தொடங்கியது. கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் என்ற பெயரில், ஊர் மக்களையே கூட்டிப் பெஞ்சும் கடிகாரமும் தண்ணீர்ப் பானையும் தம் ஊர்ப் பள்ளிக்குக் கொடுக்கச் செய்தார். பிறகு 1982 ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். திருச்சிக்கு அருகே பாப்பாக்குறிச்சியில் தொடங்கிவைத்த சத்துணவு. பிற்பாடு அதில் சேர்ந்த முட்டை. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டு 25இல் திருக்குவளையிலிருந்து எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவு.

இன்றைய ஜூன் மாதத்தில், வட ஆற்காட்டுப் பக்கத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றின் வாசலில் காலை எட்டு மணிக்குப் போய் நின்றால் இத்தனை வருஷத்துச் சரித்திரமும் ஒரே இடத்தில் நடமாடுவதைப் பார்க்கலாம். தண்ணீர்த் தொட்டியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய வாசனை இன்னும் போகவில்லை. இரும்புக் கதவில் மாவிலைத் தோரணம்; அதன் மேல் ‘கட்டணம் இல்லை’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட பேனர். சமையற்கூடத்திலிருந்து கிச்சடி தாளிக்கும் மணம். வராந்தாவில் தலைமையாசிரியை ஒரு மேஜையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதன் மேல் தடித்த அட்டை போட்ட சேர்க்கைப் பதிவேடும், எமிஸ் என்ற கல்வித் துறைக் கணினிப் பதிவில் பிள்ளையின் எண்ணை ஏற்றுவதற்காக ஒரு கைப்பேசியும். பதிவேட்டின் பழைய பக்கங்களில் ஜூன் முதல் தேதிப் பிறந்த நாட்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. புதிய பக்கத்தில் அவை ஆண்டு முழுவதும் சிதறிவிட்டன, ஏனெனில் ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளையின் சான்றிதழ் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வந்துவிடுகிறது. அது இல்லாவிட்டாலும் பிள்ளையைத் திருப்பி அனுப்ப இப்போது யாருக்கும் அதிகாரமில்லை. 2010 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், வயதுச் சான்று இல்லையென்ற காரணத்துக்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. காதைத் தொடச் சொல்லும் உபாத்தியாயரை இனிமேல் பாட்டிமாரின் கதையில்தான் காணலாம்.

“கண்ணு, உன் பேரு என்னம்மா?” என்கிறார் தலைமையாசிரியை. கண்ணு, அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்கிறது. அடுத்து நிற்கும் தாயார், “டீச்சர், இவன் வூட்ல அடங்கவே மாட்டேங்குறான். கண்ணு ரெண்ட மட்டும் வுட்டுட்டுத் தோல உரிச்சிடுங்க” என்று, தன் தாத்தா தன் தகப்பனாரைச் சேர்த்தபோது சொன்ன அதே வாசகத்தை மாற்றாமல் ஒப்புவிக்கிறாள். சட்டம் பிரம்பை ஒழித்துவிட்டது என்று அவளுக்கும் தெரியும். பிள்ளையை ஒப்படைக்கும்போது எதையாவது சொல்லவேண்டுமே என்பதற்காக, வாயில் வந்ததைச் சொல்கிறாள். டீச்சரும் அதைக் கேட்காததுபோல் சிரித்துவிட்டு, “அப்பா பேரு சொல்லுங்கம்மா” என்று கட்டத்தை நிரப்புகிறார்.

பிள்ளை எதையும் கொண்டுவர வேண்டியதில்லை. கைநிறைய வாங்கிக்கொண்டு போகலாம். ஆண்டு முழுவதற்குமான பாடத்தை ஒரே மூட்டையாகச் சுமக்காதபடி 2012இல் வந்த முப்பருவ முறையில், முதல் பருவப் புத்தகம் மட்டும் இப்போது. நோட்டு, பை, காலணி, வண்ணப் பென்சில், பள்ளியில் சாப்பிடும் பிள்ளைகளுக்கு நான்கு ஜோடிச் சீருடை. மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களில் தைத்து வரும் சீருடை, அளவெடுத்துத் தைத்தாலும் சில பிள்ளைகளுக்கு முழங்காலைத் தாண்டித் தொங்குகிறது. வளருகிற பிள்ளைதானே என்று தாய்மார்கள் அதை ஒரு குறையாக எண்ணுவதில்லை. இடுப்பில் ஒரு மடிப்பு மடித்து ஊக்குக் குத்திவிடுகிறார்கள். இவையெல்லாம் முதல் நாளே வந்து சேருமா என்பது ஊரைப் பொறுத்தது. வட்டாரக் கல்வி அலுவலகத்தில் இறக்கிய புத்தகக் கட்டுகளை ஷேர் ஆட்டோவில் ஏற்றி, வாடகையைத் தம் பையிலிருந்து கொடுத்து, பள்ளி வாசலில் இறக்கும் தலைமையாசிரியர்கள் அநேகர்.

பெயர் எழுதி முடிந்து தாய்மார்கள் வெளியேறியதும் அழுகை ஆரம்பிக்கிறது. அனுபவமுள்ள ஒன்றாம் வகுப்பு ஆசிரியை அதை அடக்க முயல்வதில்லை. நாலாம் வகுப்பிலிருந்து அந்தப் பிள்ளையின் அக்காளை அழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்துவிடுகிறார். அக்காள் மூக்கைத் துடைத்துவிட்டு, சுவரில் பிள்ளைகளின் உயரத்துக்குக் கட்டியிருக்கும் தாழ்வான கரும்பலகைக்கு முன்னால் கொண்டுபோய், ஒரு சுண்ணாம்புத் துண்டைக் கையில் கொடுத்து, தன் கையால் அந்தக் கையைப் பற்றிக் கோடு இழுக்கிறாள். சீமைவரை போய் வந்த மதராஸ் முறை, யாரும் அதன் பெயரை உச்சரிக்காமலே, ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளில் இன்றும் இப்படி உயிரோடிருக்கிறது. முதல் சில வாரங்கள் எழுத்து கிடையாது. நேர்கோடு, சாய்கோடு, அரைவட்டம், சுழி. மணலில், தரையில், காற்றில். ஐந்து வயது விரலுக்குப் பென்சிலைப் பிடிப்பதே ஒரு வித்தையாகையால், எழுத்துக்கு முன்னால் கை தயாராக வேண்டும். இதைப் பெற்றோருக்கு விளக்குவதுதான் கஷ்டம். “ஒரு மாசமாச்சு, இன்னும் ‘அ’னா எழுதலியே டீச்சர், கான்வென்ட் புள்ள ஏ.பி.சி.டி. பூரா எழுதுது” என்ற முறையீடு ஜூலையில் வந்தே தீரும். அந்த முறையீட்டுக்குப் பயந்து அவசரமாக எழுத்துக்குள் இறங்கும் ஆசிரியர்களையும் நான் பார்த்திருக்கிறேன். மூன்றாம் வகுப்பில் அதன் பலன் தெரிகிறது.

கொரோனாக் காலம் இந்தப் பொறுமையின் அவசியத்தை எல்லாருக்கும் காட்டிவிட்டது. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் முதல் தேதிதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பைக் கண்ணால் பாராமலே ஒரு கூட்டம் இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. அதற்குப் பிறகு 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை வயதைக் கொண்டல்லாமல் அறிந்த அளவைக் கொண்டு அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கச் சொன்னது. மணலில் எழுதுகிறவன், ஓலைக்கு வந்தவன் என்று பிரித்து உட்காரவைத்த திண்ணை உபாத்தியாயருக்கு அது புதுமையாகப் பட்டிருக்காது.

இவ்வளவு கொடுத்தும் வாசலில் கூட்டம் இல்லை என்பதே இன்றைய தலைமையாசிரியரின் கவலை. ஒரு காலத்தில் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பக் காது தேவைப்பட்டது. இன்றோ மார்ச் மாதமே ஆசிரியர்கள் துண்டுப் பிரசுரத்தோடு தெருத் தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கேட்கிறார்கள், சில ஊர்களில் மேளம் வைத்துப் பேரணியும் நடத்துகிறார்கள். வீட்டுக்கு ஒன்றிரண்டாகப் பிள்ளைகள் குறைந்துவிட்டதும், மஞ்சள் வேன் கிராமத்துச் சந்துக்குள்ளேயே வந்து பிள்ளையை ஏற்றிக்கொண்டு போவதும் இதற்குக் காரணங்கள். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், அதற்கு மேல் தொண்ணூறு வரை மூவர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. அறுபத்தொன்றாவது பிள்ளை வந்து சேருவதும் சேராததும் ஓர் ஆசிரியரின் இருப்பிடத்தை நிர்ணயிக்கும் விஷயமாகிறது. இந்தத் தலையெண்ணும் கணக்கை ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு முதல் தேதி நிலவரப்படி எடுக்கிறார்கள். செங்கற்சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போய்விட்டு ஊர் திரும்பும் குடும்பங்களின் பிள்ளைகள், ஜூன் மாதத்துத் தோரணம் வாடிப் பல வாரங்கள் ஆனபின், ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் வந்து நிற்கிறார்கள். ஆண்டின் நடுவில் எப்போது வந்தாலும் அவர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தலைமையாசிரியரும் பதிவேட்டைத் திறந்து அடுத்த எண்ணைப் போட்டுச் சேர்த்துக்கொள்கிறார். ஆனால் அந்தப் பிள்ளைக்காக ஓர் ஆசிரியரைக் கேட்பதற்கு அடுத்த வருஷத்து ஆகஸ்டு வரை அவர் காத்திருக்க வேண்டும்.